சரிவில்லாத பாத்தி

ஈந்தவிளை ஊர்மண்டபத்தின் பழைய ஓட்டுக்கூரையைப் பிரித்துவிட்டுப் புதுத் தகட்டுக்கூரை வேய்ந்த ஆண்டில், ஐப்பசி மழை தொடங்கிய முதல் வாரத்திலேயே, மண்டபத்துக்குள் ஒழுகிய நீர் தரைக்கு வராமல் அந்தரத்தில் நின்றுவிட்டது. அது அப்படித்தான் நிற்கும் என்று முன்பே அறிந்திருந்தவர்கள்போல ஊரார் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, முதல் வேலையாக, அது எந்தத் தெருவின் குற்றம் என்று சண்டையிடத் தொடங்கினார்கள்.

மண்டபம் கிழக்குமேற்காக நீண்டு கிடந்தது. அதன் ஒரு வாசல் கிழக்குத்தெருவிலும் மறுவாசல் மேற்குத்தெருவிலும் திறந்தது. கிழக்கு வாசலை ஒட்டி ராயப்பனுடைய ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடமும், மேற்கு வாசலை ஒட்டி வியாகுலம்மாள் மரச்சீனிக்கிழங்கை வெட்டிக் காயப்போடும் முற்றமும் இருந்தன. ராயப்பன் கிழக்குத்தெருவின் தலைவர்; வியாகுலம்மாளோ, கணவர் இறந்தபின், அவர் வகித்த மேற்குத்தெருத் தலைமையை எவரையும் கேளாமலேயே எடுத்துக்கொண்டவள். பழைய ஓட்டுக்கூரைக்கு, விளிம்பில் மழைநீரை ஏந்தி வடிக்கும் பாத்தி கிடையாது. பெய்த மழை வடக்குச் சந்திலும் தெற்குச் சந்திலும் நெடுக விழுந்து, எவருக்கும் சொந்தமில்லாத தண்ணீராக ஓடிப்போயிற்று. ஓடிய ஓட்டத்தில் அஸ்திவாரத்தை அரித்துவிட்டது என்பதால்தான், புதுக்கூரையின் இரண்டு விளிம்புகளிலும் தகரப் பாத்தி பொருத்தி மழையை ஏந்துவது என்று ஊர் முடிவு செய்தது. ஏந்திய தண்ணீரை எங்காவது விட்டாக வேண்டும். அந்த ‘எங்காவது’ என்னும் இடத்தில்தான் ஈந்தவிளை இடறி விழுந்தது.

“சரிவு எந்தப் பக்கம் வைக்கணும்?” என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டார், கூரை வேலையை எடுத்திருந்த டென்சிங்.

“மேற்கே வையும்” என்றார் ராயப்பன்.

“கிழக்கே வையும்” என்றாள் வியாகுலம்மாள், அவர் வாயை மூடுவதற்கு முன்பே.

பங்குச்சாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நடுவுல கொஞ்சம் உயர்த்தி, பாதி அங்கயும் பாதி இங்கயும் விட்டா என்ன?” என்றார்.

“பாதின்னா அந்த நடுவை யாரு சாமி அளப்பா? டேப்பை அவ கையில குடுத்தா நடு எங்க வீட்டு அடுக்களையில வந்து நிக்கும்” என்றார் ராயப்பன்.

“அளக்கவே வேண்டாம் சாமி. எங்க முற்றத்துல ஒரு சொட்டு விழுந்தாலும் அது கிழக்குத்தெருக்காரன் துப்புன துப்பல்தான்” என்றாள் வியாகுலம்மாள்.

அப்போது ராயப்பனுக்கு அந்த யோசனை தோன்றியது. எழுந்து நின்று, தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, பாத்தியைக் கிடைமட்டமாக வைக்க வேண்டும் என்றார். ரசமட்டத்தை வைத்தால் குமிழி நட்டநடுவில் நிற்க வேண்டும், ஒரு நெல்மணி அளவுகூட அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ நகரக் கூடாது, இரண்டு முனைகளையும் மூடி போட்டு அடைத்துவிட வேண்டும் என்றார். வியாகுலம்மாள் அவரைச் சந்தேகத்துடன் பார்த்தாள். அதில் தனக்கு நட்டம் ஏதுமில்லை, அவருக்கு லாபம் ஏதுமில்லை என்பதை உறுதிசெய்துகொண்டபின் தலையசைத்தாள். எந்தக் காரியத்திலும் ஒத்துப்போகாத இரண்டு தெருக்களும் அன்று ஒருமனதாகக் கைதட்டின.

“அப்ப தண்ணி எங்க போவும்?” என்றார் டென்சிங்.

“அது தண்ணி பாடு” என்றார்கள் இருவரும், ஒரே குரலில். ஒரே குரலில் சொல்லிவிட்டதற்காக இருவரும் வெட்கி, ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மழை வந்தது. போகத் திசை கிடைக்காத நீர் இரண்டு பாத்திகளிலும் நிறைந்து, நடுப்பகுதியில் திரண்டு, தகட்டின் விளிம்புக்கு அடியில் ஏறி, வடக்குச் சுவரின் நடுவிலும் தெற்குச் சுவரின் நடுவிலும் மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தது. எட்டிப் பார்த்த முதல் துளி சுவரை விட்டு விலகி, ஆள் உயரத்துக்கு இறங்கி, கீழே விழுந்தால் கிழக்கா மேற்கா என்னும் கேள்வி அதற்கும் எழுந்துவிட்டதுபோல அப்படியே நின்றது. அதன் மேல் இன்னொன்று வந்து நின்றது, பக்கத்தில் இன்னொன்று. பெய்யப் பெய்ய இரண்டு சுவர்களிலிருந்தும் துளிகள் வரிசை வரிசையாகப் புறப்பட்டு வந்து, மண்டபத்தின் நட்டநடுவில் சந்தித்துக்கொண்டு, உத்தரத்திலிருந்து தரைக்கு ஒரு சாண் மேலே வரைக்கும் ஒரு நீர்த்திரையாகத் தொங்கின. அதைக் கடந்து போக முடியும். ஆனால் கடந்தவன் தொப்பலாக நனைந்தான், எதிர்ப்பக்கத்தில் நிற்கும் நேரமெல்லாம் நனைந்தபடியே நின்றான், எந்தத் துண்டாலும் எந்த வெயிலாலும் காயவில்லை. தன் பக்கத்துக்குத் திரும்பிய கணத்தில் மட்டும் சலவைக்காரன் கொடுத்த சட்டைபோல உலர்ந்துவிட்டான்.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. பழகியதோடு நில்லாமல் அதை விரும்பவும் தொடங்கியது. நேருக்கு நேர் முகம் பார்த்துப் பகைப்பது எவ்வளவு சிரமம் என்பது, திரைக்கு இப்பால் இருந்து பகைத்துப் பார்த்தபிறகே இரண்டு தெருவாருக்கும் விளங்கியது. மறைக்கல்வி வகுப்புகள் இரண்டாகப் பிரிந்தன. சாமியார் இரண்டுக்கும் திரையைக் கடந்து போய்ப் போதித்து, நரகத்தை உலர்ந்த நிலையிலும் மோட்சத்தை நனைந்த நிலையிலும் சொல்லிப் பழகினார். தேங்காய் ஏலம் திரையின் இருபுறமும் நின்று கூவி நடந்தது. தொலைக்காட்சிப் பெட்டி கிழக்குப் பாதியில் இருந்தமையால், மேற்குத்தெரு இளைஞர்கள் கால்பந்தாட்டத்தை நீரின் ஊடே பார்த்து, நெளிந்துபோன பந்து கோலுக்குள் விழவே இல்லை என்று வாதாடினார்கள். ஊர்நாய் ஒன்று திரைக்கு நேர் கீழே, அந்த ஒரு சாண் இடைவெளியில், இரண்டு தெருவின் எச்சில் இலைக்கும் வசதியாகப் படுத்துக்கொண்டது. மின்கட்டணம் கணக்கெடுக்க வந்தவர் கேள்வி ஏதும் கேட்காமல் மழைச்சட்டை அணிந்துகொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டு வந்தார்.

ராயப்பனும் அதை விரும்பினார், தம் மகள் பெனிட்டாவின் கலியாணம் உறுதியாகும் வரைக்கும்.

மாப்பிள்ளை கத்தாரில் வேலை செய்பவன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கலியாணம் கிடையாது. அது முடியும் முன்பே அவனுடைய விடுப்பு முடிந்துவிடும். ஆகவே கார்த்திகை மாதத் தொடக்கத்திலேயே, அடைமழையோ இடியோ, கலியாணம் நடந்தாக வேண்டும். நடத்துவதில் தடையில்லை. தண்ணீர் ஊற்றுவதில்தான் தடை. ஈந்தவிளைக் கலியாணப் பந்தியில் சோறும் கறியும் சொந்தக்காரர்கள் பரிமாறுவார்கள். மணமக்கள் குடிக்கும் முதல் டம்ளர் தண்ணீரை மட்டும் எதிர்த்தெருவின் மூத்த பெண் தன் கையால் வந்து ஊற்ற வேண்டும். ஒரு தெரு மற்றத் தெருவின் கிணற்றில் நஞ்சிடாது என்பதற்கு அந்தக் காலத்தில் ஏற்படுத்திய சாட்சி அது. அந்தக் கை வராத கலியாணத்துக்கு ‘வறண்ட கலியாணம்’ என்று பெயர்.

ராயப்பனின் அக்காள் பிரகாசிக்கு நடந்தது வறண்ட கலியாணம். அவளுக்குப் பிள்ளை தங்காமற்போனதும், புருஷன் வேறொருத்தியோடு போனதும், மாமரம் பட்டுப்போனதும்கூட அந்த ஒரு டம்ளர் தண்ணீரின் கணக்கிலேயே ஏறின. அவள் சாகும் வரை ஊர் அவளை ‘வறண்டவள்’ என்றே அழைத்தது. தம் மகளை யாரும் அப்படி அழைத்துவிடக் கூடாது என்னும் அச்சம் ராயப்பனின் நெஞ்சில் ஆணிபோல் இருந்தது. அந்த ஆணியைப் பிடுங்கக்கூடிய கை, மேற்குத்தெருவின் மூத்த பெண் என்னும் முறையில், வியாகுலம்மாளின் கை.

முதலில் அவர் டென்சிங்கைத் திரும்ப வரவழைத்தார். டென்சிங் கூரைமீது ஏறித் திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கினார், வெடித்த ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று தேடினார், தகடும் தகடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களில் சிலிக்கான் பசையைப் பிதுக்கினார், முகட்டுத் தகட்டைத் தட்டிப் பார்த்தார். பிறகு ரப்பர்க் குழாயால் கூரையின் கீழ்விளிம்பிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிறிது சிறிதாகத் தண்ணீர் பாய்ச்சினார். ராயப்பன் உள்ளே நின்று, ஒழுகுகிறதா இல்லையா என்று கத்திக்கொண்டிருந்தார்.

“கூரையில குத்தம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி” என்றார் டென்சிங், இறங்கி வந்து. “குத்தம் எங்கன்னு உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்த நாய்க்கும் தெரியும். பாத்தியை ஒரு விரக்கடை தாழ்த்தி, மூடியைத் தட்டி விட்டா தீந்தது.”

“எந்தப் பக்கம்?” என்றார் ராயப்பன்.

டென்சிங் தம் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

வேறு வழியின்றி ராயப்பன் நீர்த்திரையின் முன் வந்து நின்று, மறுபுறம் பெண்களோடு கிழங்கு சீவிக்கொண்டிருந்த வியாகுலம்மாளை அழைத்தார். அவள் உருவம் நீரில் அகன்றும் குறுகியும் அசைந்தது. குரல் மட்டும் சற்றும் நெளியாமல் வந்தது.

“என்ன அண்ணாச்சி, பந்திக்கு இலை போட ஆள் வேணுமா?”

“முறைப்படி நீ வரணும், வியாகுலம்.”

“வாரேன். பாத்தியை உம்ம பக்கம் தாழ்த்தும். தண்ணி வடிஞ்சு திரை இறங்குன அன்னைக்கு, சொம்போட வந்து நிக்கேன். இப்ப வந்தா நான் நனைஞ்ச கோழி மாதிரில்லா நிக்கணும்? உம்ம சொந்தக்காரனெல்லாம் பாத்துச் சிரிக்கவா?”

“என் பக்கம் தாழ்த்தினா புகைக்கூடத்துத் தீ அணையும். ஷீட்டு அம்புட்டும் பூஞ்சணம் பூத்துப்போவும்.”

“என் மரச்சீனி மட்டும் தண்ணியில காயுமோ?”

“எளா, ஒரு பிள்ளைக்க வாழ்க்கையிலா விளையாடுத?”

“பிள்ளை உம்ம பிள்ளை. விளையாட்டும் உம்ம விளையாட்டு. மட்டமா வைக்கச் சொன்னது நானா?” என்றாள் வியாகுலம்மாள். அவளைச் சுற்றியிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் திரை முழுதும் நடுங்கியது.

தயவுசெய்து என்று சொல்வதற்குப் பதிலாக ராயப்பன் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். அவர் திரும்பியபோது பெனிட்டா பின்னால் நின்றிருந்தாள், எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“அப்பா, ஒண்ணு கேக்கேன். உங்களுக்கு நான் பெரிசா, அந்த முற்றத்துல தண்ணி விழுறது பெரிசா?”

“என்ன கேள்வி மக்ளே இது?” என்றார் ராயப்பன்.

“சின்னக் கேள்விதான்” என்றாள் அவள். அவர் கண் திரைக்கு அப்பால், மேற்கு வாசல் பக்கம் போயிற்று. அதைக் கண்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஓலை வாசிப்பது வழக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் அறிவிப்பார். மூன்றாம் ஓலை வாசிக்கும் ஞாயிறன்று ஊர் முழுதும் கோயிலில் இருக்கும். மணப்பெண்ணின் தகப்பன் முதல் வரிசையில் இருப்பார். அந்த ஞாயிறு காலையில் ராயப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். மனைவி புனிதம் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு போனாள். அவர்கள் தெருமுனையைத் தாண்டியதும் ராயப்பன் கஷாயத்தைச் செடியில் ஊற்றினார். ஸ்பானரை மடியில் செருகிக்கொண்டு, கிழக்குத்தெருவின் ஏணியைத் தூக்கிக்கொண்டு, பின்சந்து வழியாக மேற்கு முனைக்குப் போனார்.

தண்ணீர் மேற்கே வடியும், திரை இறங்கும், நனைய வேண்டியிருக்கிறது என்னும் சாக்கு வியாகுலம்மாளுக்கு இல்லாமற்போகும், முற்றத்துக் கிழங்கு முழுதும் மிதக்கும். மகளின் வாழ்வும் மேற்குத்தெருவின் அழிவும் ஒரே போல்ட்டில் மாட்டியிருப்பதை எண்ணி அவர் இறைவனின் ஏற்பாட்டை வியந்தார். வடக்குச் சந்தில் ஏணியைச் சார்த்தி, நடுத்தாங்கியைத் தொடாமல், மேற்கு முனைத் தாங்கிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, ஒரு விரற்கடை தாழ்த்தி, மீண்டும் முறுக்கினார். அடைப்பு மூடியைத் தட்டினார். அது வியாகுலம்மாளின் முற்றத்தில் போய் விழுந்தது. எங்கோ தொலைவில் இரும்பு இரும்போடு உரசும் ஓசை கேட்டது. நீண்ட மண்டபமாதலால் தம் வேலையின் எதிரொலி என்று நினைத்துக்கொண்டார். பிறகு ஏணியை எடுத்துக்கொண்டு சுவரைச் சுற்றித் தெற்குச் சந்துக்கு வந்தார்.

அங்கும் மூடியைத் தட்டிவிட்டு ஏணியின்மேல் நிற்கையில் கோயில் ஒலிபெருக்கியில் சாமியாரின் குரல் வந்தது. “ஈந்தவிளை ராயப்பன், புனிதம் ஆகியோரின் மகள் பெனிட்டா…” ராயப்பன் கடைசி போல்ட்டை முறுக்குவதை நிறுத்தவில்லை. “இத்திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள்…” என்றது குரல். போல்ட்டு இறுகியது. அந்தக் கணத்தில் மழையும் இறங்கியது.

அவர் ஏணியில் நின்றபடியே பார்த்தார். இத்தனை நாளும் திசையின்றிக் கிடந்த நீர் மெல்ல அசைந்து, தலையைத் திருப்பி, அவரை நோக்கி ஓடி வந்து, திறந்த முனை வழியாகப் பாய்ந்து, பாய்மீது விரித்திருந்த கிழங்குச் சீவல்களைத் தூக்கிக்கொண்டு போயிற்று. ராயப்பன் வாய்விட்டுச் சிரித்தார். இறங்கி, மேற்கு வாசல் வழியாக மண்டபத்துக்குள் ஓடினார்.

நீர்த்திரை மேலிருந்து கீழாக ஒருமுறை சிலிர்த்தது. பிறகு, ஐப்பசி முழுதும் விழ மறந்திருந்த மழையனைத்தும், ஒரே ஓசையாக, ஒரே கணத்தில் தரையில் விழுந்தது. நாய் குரைத்துக்கொண்டு ஓடியது. முழங்கால் அளவுக்கு எழும்பிய நீர் இரு வாசல்களிலும் வழிந்து வெளியேறியபின், மண்டபம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. மறுமுனையில், கிழக்கு வாசலில், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, கையில் ஸ்பானருடன் வியாகுலம்மாள் நின்றிருந்தாள்.

இருவரும் ஒருவர் கையிலிருந்ததை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நீ எதுக்குளா கிழக்கு வாசல் வழியா வாற?”

“நீரு எதுக்கு மேற்கு வாசல் வழியா வாறீரு?”

“என் பக்கம் தாழ்த்துனியா?”

“நீரா செய்யமாட்டீருன்னு தெரியும். அதான் நானே வந்து செஞ்சேன்” என்றாள் வியாகுலம்மாள். உடனே அவள் முகம் மாறியது. “எம் முற்றம்!”

ஆளுக்கொரு திசையாக, ஒருவர் மற்றவரைத் தோளால் இடித்துக்கொண்டு, மண்டபத்தின் நடுவில் கடந்து ஓடினார்கள். ராயப்பன் போய்ச் சேர்ந்தபோது புகைக்கூடத்துத் தீ அணைந்து, கரி மிதந்துகொண்டிருந்தது. அவர் மேற்கு முனையைத் தாழ்த்த, அவள் கிழக்கு முனையைத் தாழ்த்த, யாரும் தொடாத நடுத்தாங்கி தானாகவே உயர்ந்த நடுவாகிவிட்டது. சாமியார் அன்று கூட்டத்தில் சொன்ன சரிவு அதுவேதான். பெய்த மழையில் பாதி அங்கேயும் பாதி இங்கேயுமாகப் பிரிந்து ஓடியது. அதற்குப்பின் எந்த மழைக்கும் மண்டபத்துக்குள் ஒரு துளி ஒழுகவில்லை. கோயிலிலிருந்து திரும்பிய ஊர், நடந்ததைக் கேட்டு, எந்த முற்றத்தில் சேறு அதிகம் என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்று பார்வையிட்டது.

பெனிட்டா எதையும் பார்க்கப் போகவில்லை. “மூணாம் ஓலை வாசிச்சப்ப, அப்பா எங்கன்னு எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாத்தாவ” என்று மட்டும் தாயிடம் சொன்னாள், தகப்பனின் காதில் விழும்படியாக.

கலியாணத்தன்றும் மழை. ஆனால் மண்டபம் உலர்ந்திருந்தது. நெடுக இலை போட்டிருந்தார்கள். மணமக்கள் கிழக்குப் பாதியில் அமர்ந்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்திக்கொண்டு மேற்கு வாசலைப் பார்த்தார்கள். ராயப்பனின் கை இலைமேல் நின்றது. வியாகுலம்மாள் பட்டுச்சேலை உடுத்து, பித்தளைச் சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு, மண்டபத்தின் நீளம் முழுவதையும் நடந்து, திரை இருந்த இடத்தில் வழக்கத்தால் கண்ணை மூடிக்கொண்டு, நனையாமல் கடந்து வந்தாள்.

“குடி மக்ளே” என்றாள், டம்ளரில் ஊற்றியபடி. “எம் பக்கத்துப் பாத்தியில பிடிச்ச தண்ணி. எங்க மரச்சீனியை அழுக வச்சு உங்கப்பன் அனுப்பி வச்சது. நல்லா இருப்ப.”

“அவ பக்கத்துல பிடிச்சதுன்னா சொம்பு நிறைஞ்சிருக்காதே” என்றார் ராயப்பன், உறவினர்களைப் பார்த்து.

“நிறைஞ்சு வழிஞ்சுது. உம்ம பக்கம்தான் மூத்திரம் மாதிரி வருது.”

பெனிட்டா டம்ளரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு டம்ளரைக் கவிழ்த்து, எல்லாரும் பார்க்கும்படி, ஒரு துளிகூட மிச்சமில்லை என்று காட்டினாள். ராயப்பனின் நெஞ்சில் இருந்த ஆணி கழன்றது. இனி அவளை எவரும் வறண்டவள் என்று சொல்ல முடியாது.

பந்தி முடிந்து பெண்ணை வழியனுப்பும் நேரம் வந்தது. கிழக்குத்தெருப் பெண் கிழக்கு வாசல் வழியாகப் போவதே முறை. ராயப்பன் புதுக்குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு கிழக்கு வாசலில் போய் நின்றார். மகளிடம் சொல்ல வேண்டியதை அவர் எண்ணி வைத்திருந்தார். சின்னக் கேள்விக்கு உரிய பதில் அதில் இருந்தது. அவர் காத்திருந்தார். உள்ளே நாற்காலிகளை மடக்கும் ஓசை கேட்டது. வெகுநேரத்துக்குப் பின், மண்டபத்தின் மறுமுனையில், வேன் ஒன்று கிளம்பும் ஓசையும் கேட்டது.

பெனிட்டா, கட்டியவனின் கையைப் பிடித்துக்கொண்டு, மண்டபத்தின் நீளம் முழுவதையும் நடந்து, மேற்கு வாசல் வழியாக இறங்கி, வியாகுலம்மாளின் முற்றத்துச் சேற்றில் பட்டுச்சேலை நனைய வண்டியேறிப் போய்விட்டாள் என்பதைப் புனிதம் அழுதுகொண்டே வந்து சொன்னாள்.

ராயப்பன் குடையை மடக்கவில்லை. தலைக்கு மேலே அவர் பங்குக்கு உரிய பாதி மழை, பாத்தியின் முனையிலிருந்து இறங்கிக் குடைமேல் விழுந்துகொண்டே இருந்தது. வெறும் சொம்பை எடுத்துக்கொண்டு போக வந்த வியாகுலம்மாள் வாசலில் அவரைக் கண்டு நின்றாள்; விழும் தண்ணீரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்ன அண்ணாச்சி, உம்ம பக்கம் தண்ணி கொஞ்சம் கூடுதல்தான் போல?” என்றாள், சண்டைக்கு இழுக்கும் அதே குரலில்.

“ஆமா” என்றார் ராயப்பன். “கூடுதல்தான்.”